தண்ணீரை வடித்துவிட்டு மண்ணைக் கொட்டிய நகரங்கள்: அமெரிக்காவின் பொது நீச்சல் குளங்களுக்கு என்ன ஆனது?

1959-ம் ஆண்டு ஜனவரி 1. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கோமரியில் புத்தாண்டு அன்று நகரப் பூங்காக்கள் அத்தனைக்கும் பூட்டு விழுந்தது. அந்த ஊரின் பெருமை ஓக் பார்க். அங்கே பெரிய நீச்சல் குளம் ஒன்றும் சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலையும் இருந்தன. குளத்துத் தண்ணீரை வடித்தார்கள், குழியை மூடினார்கள். மிருகங்களை விற்றுவிட்டார்கள்.

குளத்தில் விரிசலா? இல்லை. தண்ணீரில் கிருமியா? இல்லை. நகராட்சியிடம் காசு இல்லையா? அதுவும் இல்லை. பூங்காக்களைக் கறுப்பின மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1958 டிசம்பரில் ஒரு வழக்கு போடப்பட்டிருந்தது. வழக்கு போட்டவர் ஜார்ஜியா கில்மோர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே ஊரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்துக்குச் சமைத்து விற்றே பணம் திரட்டிக் கொடுத்தவர். அவருடைய மகன், ஓக் பார்க் வழியாகக் குறுக்கே நடந்து போனதற்காகப் போலீசாரால் அடிக்கப்பட்டார். அதுதான் வழக்கின் தொடக்கம்.

கோர்ட்டில் தோற்பது உறுதி என்று நகர நிர்வாகத்துக்குத் தெரியும். தோற்றால் எல்லாரையும் உள்ளே விட வேண்டும். அதற்குப் பதில் யாருக்குமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ‘எனக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, எதிராளிக்கு ரெண்டு கண்ணும் போகணும்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே கண் போனது ஊருக்கே.

அமெரிக்காவின் ஏற்றத்தாழ்வு பற்றிப் பேச்சு வந்தால் உடனே கோடீஸ்வரர்களின் பெயர்ப் பட்டியலும் வால் ஸ்ட்ரீட்டும் வரும். அது தவறில்லை. ஆனால், உலகின் மிகப் பணக்கார நாட்டில் ஏழைப் பிள்ளை ஒன்று இலவசமாக நீச்சல் கற்றுக்கொள்ள இடம் கிடைப்பது ஏன் கஷ்டம் என்ற கேள்விக்கு வால் ஸ்ட்ரீட்டில் பதில் கிடைக்காது. காலியான அந்தக் குளங்களில் கிடைக்கும்.

குளம் என்றால் சும்மா குளம் இல்லை

1920, 30-களில் அமெரிக்க நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு பொது நீச்சல் குளங்களைக் கட்டின. நம் மனதில் வரும் நீலத் தொட்டி அளவு இல்லை. கால்பந்து மைதானத்தைவிடப் பெரிய குளங்கள் உண்டு. சுற்றிலும் மணல் பரப்பி, கடற்கரை மாதிரியே வைத்திருப்பார்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கலாம். பெருமந்தத்தின்போது அதிபர் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ பணத்தில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான குளங்கள் வந்தன. நியூயார்க்கில் மட்டும் 1936-ம் ஆண்டின் ஒரே கோடையில் 11 பிரம்மாண்டக் குளங்களை ராபர்ட் மோசஸ் திறந்துவைத்தார். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் தொழிலாளி குடும்பத்துக்குக் கிடைத்த ரிசார்ட் அது.

எல்லாத் தொழிலாளி குடும்பத்துக்குமா என்றால், அங்கேதான் சிக்கல்.

இந்தக் குளங்களின் வரலாற்றைத் தோண்டி எடுத்தவர் ஜெஃப் வில்ட்ஸ் என்ற வரலாற்றாசிரியர். 2007-ல் வந்த அவருடைய புத்தகம் சொல்லும் விஷயம் கொஞ்சம் ஆச்சரியமானது. வட மாநிலங்களில், தொடக்க காலக் குளங்களில் கறுப்பின ஆண்களும் வெள்ளையின ஆண்களும் சேர்ந்தே குளித்தார்கள். அப்போது பிரித்து வைக்கப்பட்டது ஆணும் பெண்ணும்தான். 1920-களில் குடும்பத்தோடு வரலாம், ஆணும் பெண்ணும் ஒன்றாக நீந்தலாம் என்று விதி தளர்ந்தது. அந்தத் தளர்வோடு சேர்ந்து இனத் தடை இறுகியது. நீச்சல் உடையில் இருக்கும் வெள்ளையினப் பெண் பக்கத்தில் கறுப்பின ஆண் இருப்பதை அன்றைய சமூகத்தால் சகிக்க முடியவில்லை. அதனால்தான் பேருந்து, ஹோட்டல், நூலகம் எல்லாவற்றையும்விடக் குளத்தில் சண்டை கடுமையாக இருந்தது. தண்ணீர் எல்லார் உடம்பையும் தொட்டுவிட்டு வருகிறதே!

தெற்கில் இதைச் சட்டமே சொன்னது. வடக்கில் சட்டம் சொல்லவில்லை. குளத்தின் வாசலில் நின்றிருந்த கூட்டம் பார்த்துக்கொண்டது.

செயின்ட் லூயிஸ்: 3,13,000 பேர் வந்த குளம்

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபேர்கிரவுண்ட் பார்க் என்று ஒரு பூங்கா. அங்கே இருந்த வட்ட வடிவக் குளம் நாட்டின் மிகப் பெரிய குளங்களில் ஒன்று. வரி கட்டியவர்கள் எல்லாரும். நீந்தியவர்கள் வெள்ளையர் மட்டும். 1949 ஜூன் 21 அன்று, கறுப்பினத்தவரை இனித் தடுக்க முடியாது என்று நகர நிர்வாகம் அறிவித்தது. கறுப்பினச் சிறுவர்கள் சிலர் வந்து தண்ணீரில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. சிறுவர்களைப் போலீஸ் பாதுகாப்போடு வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. மாலைக்குள் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. கண்ணில் பட்ட கறுப்பினத்தவரை எல்லாம் அடித்தார்கள். மேயர் என்ன செய்தார்? உடனே பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

மறு வருடம் கோர்ட் தலையிட்டு, குளத்தை எல்லாருக்கும் திறக்கச் சொன்னது. இந்த முறை கலவரம் இல்லை. வெள்ளையர்கள் வரவே இல்லை, அவ்வளவுதான். 1948 கோடையில் அந்தக் குளத்துக்கு வந்தவர்கள் 3,13,000 பேர். 1950 கோடையில் வந்தவர்கள் 10,000 பேர். சில ஆண்டுகளில், ஆள் வரவில்லை என்று சொல்லிக் குளத்தை நகராட்சி மூடிவிட்டது.

கல் எறிவது ஒரு வகை எதிர்ப்பு. சத்தமே இல்லாமல் விலகிப் போவது இன்னொரு வகை. போட்டோ எடுக்க முடியாத, வழக்கு போட முடியாத இந்த இரண்டாவது வகையே அமெரிக்க நகரங்களின் அமைப்பை அதிகமாக மாற்றியது. மறியலுக்கு எதிராகக் கோர்ட் உத்தரவு வாங்கலாம். ‘நீயும் வந்து எங்களோடு குளி’ என்று எந்த நீதிபதியும் உத்தரவு போட முடியாது.

மான்ட்கோமரி போட்ட இரட்டைக் கணக்கு

மறுபடியும் மான்ட்கோமரிக்கு வருவோம். பூங்காவை மூடினால் வெள்ளையினப் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? நகர நிர்வாகம் இதை யோசிக்காமல் இல்லை. உள்ளூர் ஒய்.எம்.சி.ஏ. அமைப்போடு 1958-லேயே ஓர் ஒப்பந்தம் போட்டுவைத்திருந்தது. நகராட்சி செய்துவந்த விளையாட்டு, பொழுதுபோக்கு வேலைகளை ஒய்.எம்.சி.ஏ. எடுத்துச் செய்யும். அது தனியார் அமைப்பு; அரசுக்கு இருக்கும் கட்டுப்பாடு அதற்கு இல்லை. யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பது அவர்கள் இஷ்டம். வெள்ளையர் குடியிருப்புகளில் ஒய்.எம்.சி.ஏ. வளர்ந்தது.

1969-ல் கறுப்பினச் சிறுவர்கள் இருவருக்குக் கோடை முகாமில் இடம் மறுக்கப்பட்டபோதுதான் இது கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி ஃபிராங்க் ஜான்சன், இது தனியார் அமைப்பின் முகமூடி போட்டுக்கொண்டு நடக்கும் நகராட்சி வேலை என்று 1970-ல் தீர்ப்பளித்தார். தீர்ப்பு சரி. ஆனால், அதற்குள் பத்துப் பன்னிரண்டு கோடைகாலம் போய்விட்டது. 1959-ல் எட்டு வயதாக இருந்த பிள்ளை, வாக்குரிமை வரும் வயதை நெருங்கியிருக்கும்.

‘பொது’ என்ற சொல் எப்படி மதிப்பிழக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். சேவை போய்விடவில்லை. உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று இடம் மாறிப்போனது. அட்டை இல்லாத வெள்ளையின ஏழைக்கும் குளம் இல்லை. இதைப் பற்றி அவர் யாரிடமும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. புகார் கொடுக்க வேண்டிய ஆட்கள் அவருடைய ஆட்கள்தானே!

ஜாக்சன்: ‘எல்லாருக்கும் சமமாக மூடினோம்’

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஐந்து பொதுக் குளங்கள் இருந்தன. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. 1962-ல் இந்தப் பிரிவினை செல்லாது என்று கோர்ட் சொன்னது. நகராட்சி பூங்காக்களையும் கோல்ஃப் மைதானத்தையும் மிருகக்காட்சி சாலையையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. குளங்களை மட்டும் மூடியது. நான்கு குளங்கள் நகராட்சிக்குச் சொந்தம்; அவற்றுக்குப் பூட்டு. ஐந்தாவது ஒய்.எம்.சி.ஏ.விடம் குத்தகைக்கு எடுத்தது. அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் குளம் வெள்ளையருக்கு மட்டும் என்று தொடர்ந்து நடந்தது.

ஹேசல் பால்மர் உள்ளிட்ட கறுப்பினத்தவர்கள் வழக்கு போட்டார்கள். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1971 ஜூனில் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடியானது. பெரும்பான்மைத் தீர்ப்பின் தர்க்கம் இதுதான்: குளம் நடத்தியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் நகராட்சியைக் கட்டாயப்படுத்தவில்லை. மூடியது கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் சேர்த்துத்தான். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தியிருக்கிறார்கள், பிறகு எங்கே பாகுபாடு?

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். இவர் கதையே தனிக் கதை. 1920-களில் அலபாமாவில் வெள்ளையின வெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானில் உறுப்பினராக இருந்தவர். பிறகு மனம் மாறி, பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற 1954-ம் ஆண்டின் புகழ்பெற்ற ஒருமனதான தீர்ப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராக ஆனவர். அவரேதான் 17 ஆண்டுகள் கழித்து இந்தத் தீர்ப்பையும் எழுதினார். மறுப்புத் தீர்ப்பின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல்.

இந்தத் தீர்ப்பு பள்ளிப் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. வர வேண்டும். சேர்ந்து அனுபவிப்பதற்குப் பதில் மூடிவிடலாம் என்ற வழிக்கு, சட்டத்தின் முத்திரை கிடைத்தது இங்கேதான். பொதுச் சொத்தை அழிப்பவர் எல்லாருடைய பங்கையும் சேர்த்து அழித்தால் அது சமத்துவம்! அந்தச் சமத்துவம் யாரை அடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை. வசதி உள்ளவருக்கு வீட்டுக் கொல்லையில் குளம் இருக்கிறது.

கொல்லைப்புறத்துக்குப் போன தண்ணீர்

அதுதான் நடந்தது. வில்ட்ஸ் தரும் கணக்குப்படி, 1950-ல் தரையில் தோண்டிய சொந்தக் குளம் வைத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் சுமார் 2,500 மட்டுமே. 1999-ல் அது 40 லட்சம். நடுவில் இருப்பவர்களுக்கு நீச்சல் கிளப். சந்தா கட்டி, பக்கத்து வீட்டார் நால்வர் சிபாரிசு செய்து சேரும் கிளப்கள் புறநகர்களில் முளைத்தன. மேரிலாண்டில் அப்படி ஒரு கிளப் கறுப்பினக் குடும்பத்தைச் சேர்க்க மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை வந்து, 1973-ல் தோற்றது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் இனவெறிதான் காரணமா? வீட்டுக்கு வீடு டிவியும் ஏசியும் வந்தன. மக்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். 1970-களில் நியூயார்க் மாதிரியான பெரிய நகரங்களே திவாலாகும் நிலைக்குப் போயின. பழைய குளங்கள் ஒழுக ஆரம்பித்தன. குளம் நடத்துவது செலவு பிடிக்கும் வேலை. காப்பீடு, லைஃப்கார்டு, குளோரின் என்று நீளும். இவை எல்லாமே உண்மை. குளம் மூடிய ஒவ்வொரு மேயரும் இனவெறியர் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது.

ஆனால், அந்தப் புறநகரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாக வளர்ந்ததில்லை. 1934-ல் தொடங்கப்பட்ட ஃபெடரல் வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதி என்றால், ‘ரிஸ்க்’ என்று ஒதுக்கிவிட்டது. 1941-ல் டெட்ராய்ட்டில் ஒரு பில்டர், வெள்ளையருக்காகக் கட்டவிருந்த வீடுகளுக்குக் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே கறுப்பினக் குடியிருப்பு இருந்தது காரணம். என்ன செய்தார் தெரியுமா? இரண்டுக்கும் நடுவே அரை மைல் நீளத்துக்கு ஆறடிச் சுவர் எழுப்பினார். கடன் உத்தரவாதம் வந்துவிட்டது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது, இப்போது அதில் ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள்.

வீடு என்பது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு. யாருக்கு வீட்டுக் கடன் கிடைத்தது என்பதன் விளைவை இன்றைய கணக்கிலும் பார்க்கலாம். அமெரிக்க மத்திய வங்கியின் 2022-ம் ஆண்டு கணக்கெடுப்பில், நடுநிலையில் இருக்கும் ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். சம்பள வித்தியாசம் மட்டும் இவ்வளவு பெரிய பள்ளத்தை உண்டாக்காது. தாத்தா காலத்து வீடு உண்டாக்கும்.

இன்று 7 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள், குடியிருப்போர் சங்கங்கள் நிர்வகிக்கும் காலனிகளிலும் அடுக்குமாடிகளிலும் வசிக்கிறார்கள். சாலை, பூங்கா, குளம் எல்லாமே பல இடங்களில் சங்கத்துடையது. 2015 ஜூனில் டெக்சாஸ் மாநிலம் மெக்கின்னியில் அப்படி ஒரு காலனிக் குளத்தில் பதின்வயதினர் பார்ட்டி நடத்தினார்கள். வந்தவர்களில் பலர் கறுப்பினத்தவர். வாக்குவாதம், போலீசுக்குப் போன். வந்த போலீஸ் அதிகாரி, நீச்சல் உடையில் இருந்த கறுப்பினச் சிறுமியைத் தரையில் தள்ளி முழங்காலால் அழுத்தினார். இன்னொருவர் எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அதிகாரி ராஜினாமா செய்தார். ‘இது பொதுக் குளம் இல்லை, தனியார் குளம்’ என்ற வாதத்தை அன்று பலர் முன்வைத்தார்கள். வாதம் உண்மைதான். பொதுக் குளம் எப்படித் தனியார் குளமாக மாறியது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

நீந்தத் தெரியாத குடும்பங்கள்

2010 ஆகஸ்ட். லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட். ரெட் ரிவர் ஆற்றங்கரையில் கறுப்பினக் குடும்பங்கள் சில பொழுதைக் கழிக்க வந்திருந்தன. முழங்கால் அளவு தண்ணீரில் விளையாடிய பிள்ளைகளில் ஒருவர் திடீர்ப் பள்ளத்தில் கால் வைத்துவிட்டார். அவரைக் காப்பாற்ற ஒருவர் போனார், அவரைக் காப்பாற்ற இன்னொருவர். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆறு பதின்வயதினர் இறந்துபோனார்கள். கரையில் நின்ற பெற்றோருக்கும் நீச்சல் தெரியாது. முதலில் மூழ்கியவரை அங்கே இருந்த ஒருவர் காப்பாற்றிவிட்டார்.

இது விதியின் விளையாட்டு என்று கடந்துபோகலாம். புள்ளிவிவரம் கடந்துபோக விடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்தது. 10 முதல் 14 வயதுக்கு உட்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம், அதே வயது வெள்ளையினப் பிள்ளைகளைவிட 7.6 மடங்கு அதிகம். எல்லா நீர்நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், இளம் வயதினரில் பூர்வகுடி மக்களின் விகிதம்தான் எல்லாரையும்விட அதிகம்.

நீச்சல் ஜீனில் வருவதில்லை. அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது. அமெரிக்காவின் நீச்சல் அமைப்பான யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங்கின் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினப் பிள்ளைகளில் 64 சதவீதம் பேருக்கு நீச்சல் தெரியாது அல்லது பேருக்குத்தான் தெரியும். நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார்கள். அந்தப் பெற்றோரின் பெற்றோர்தான் மான்ட்கோமரியிலும் ஜாக்சனிலும் வேலிக்கு வெளியே நின்றவர்கள். மூன்று தலைமுறை, ஒரே கணக்கு.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. இவற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெள்ளையினப் பிள்ளைகளிலும் 40 சதவீதம் பேருக்குச் சரியாக நீந்த வராது. ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குக் கீழ் உள்ள குடும்பங்களில், இனம் எதுவானாலும், 79 சதவீதம் பிள்ளைகளுக்கு அதே நிலை. 1959-ல் கறுப்பினத்தவரை வெளியே நிறுத்துவதற்காகக் கொட்டிய மண்ணின் கீழே, வெள்ளையின ஏழையின் பேரப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நீச்சல் வகுப்பும் புதைந்துபோனது.

எழுத்தாளர் ஹீதர் மெகீ 2021-ல் வெளியான தன் புத்தகத்தில், வடித்துவிடப்பட்ட இந்தக் குளத்தையே இன்றைய அமெரிக்காவுக்கான உருவகமாக வைக்கிறார். சிலருக்கு இது மிகைப்படுத்தலாகத் தோன்றலாம். குளத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் அப்படித் தோன்றாது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி. 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, தன் கறுப்பினப் பள்ளியின் மோசமான நிலைக்கு எதிராக வகுப்புப் புறக்கணிப்பு நடத்திய இடம். 1954 தீர்ப்பில் இணைந்த வழக்குகளில் ஒன்று அங்கிருந்து வந்ததே. பள்ளிகளை ஒன்றாக்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, 1959-ல் அந்தக் கவுன்ட்டி தன் பொதுப் பள்ளிகள் மொத்தத்தையும் மூடியது. ஐந்து ஆண்டுகள்! வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்கு வெளியூர் போனார்கள் அல்லது படிப்பையே விட்டார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பள்ளிகள் திறந்தன. பள்ளியை மூடக் கூடாது என்று 1964-ல் சொன்ன அதே கோர்ட், குளத்தை மூடலாம் என்று 1971-ல் சொன்னது.

இன்று யாரும் பள்ளியை மூடுவதில்லை. அதைவிடச் சத்தமில்லாத வழி இருக்கிறது: சொத்து வரி. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுக்கான பணத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் உள்ளூரிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு சொத்து வரி. வீடு விலை அதிகமுள்ள ஏரியாவின் பள்ளிக்கு நல்ல பணம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதி, மெக்சிக வம்சாவளியினர் நிறைந்த ஏழைப் பகுதி. அங்கே 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே ஊரின் பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் கட்டியது 85 சென்ட். அதிகம் வரி கட்டிய எட்ஜ்வுட்டில் உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகக் கட்டிய அலமோ ஹைட்ஸில் 333 டாலர். எட்ஜ்வுட் பெற்றோர் வழக்கு போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதே 5-க்கு 4.

மருத்துவம்? ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்க ஒபாமா காலத்துச் சட்டம் வழி செய்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம், விரிவாக்குவதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றது. விரிவாக்கினால் செலவில் 90 சதவீதத்தை ஃபெடரல் அரசு கொடுக்கும். இருந்தும் 10 மாநிலங்கள் இன்றுவரை வேண்டாம் என்கின்றன. டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி எல்லாம் அந்தப் பட்டியலில். அரசுச் செலவு பெருகும், மத்திய அரசின் தலையீடு கூடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை நம்புகிறவர்களும் உண்டு. ஆனால் மான்ட்கோமரியும் ஜாக்சனும் இருக்கும் அதே மாநிலங்கள் இந்தப் பட்டியலில் இருப்பதை வெறும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள, கொஞ்சம் அதிகமான நல்ல மனது வேண்டும். இதனால் காப்பீடு இல்லாமல் நிற்பவர்களில் வெள்ளையின ஏழைகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

மெக்கேரன் குளம் மறுபடி திறந்த கதை

தெற்கை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. மோசஸ் 1936-ல் திறந்த 11 குளங்களில் ஒன்று, புரூக்ளினில் உள்ள மெக்கேரன் குளம். 6,800 பேர் நீந்தக்கூடிய குளம். 1980-களின் தொடக்கத்தில் பழுது பார்ப்பதற்காக மூடினார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு தரப்பு, பழுது பார்க்கவே வேண்டாம் என்று எதிர்த்தது. குளம் திறந்தால் ‘வெளி ஆட்கள்’ வருவார்கள் என்பது அவர்களுடைய கவலை. வெளி ஆட்கள் என்றால் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அது வறண்டு கிடந்தது. 2000-களில் காய்ந்த குளத்துக்குள் ராக் கச்சேரிகள்கூட நடந்தன.

2012-ல் சுமார் 5 கோடி டாலர் செலவில் குளம் மறுபடி திறக்கப்பட்டது. அனுமதி இலவசம். இன்றைக்கும் கோடையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். பொதுக் குளம் இந்தக் காலத்துக்குச் சரிப்படாது என்று சொல்பவர்களுக்கு அந்த வரிசையே பதில். ஆனால், திறந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். அதற்குள் அந்த ஏரியாவில் வாடகை எகிறி, வசதியான இளைஞர்கள் குடிவந்து, பழைய ஏழைக் குடும்பங்கள் பல வெளியேறியிருந்தன. 1984-ல் அந்த வேலிக்கு வெளியே நின்ற பத்து வயதுப் பையனுக்கு 2012-ல் 38 வயது. அவன் அந்த ஏரியாவிலேயே இருந்தானா என்பது அவனுடைய வாடகையைப் பொறுத்தது.

மான்ட்கோமரி தன் பூங்காக்களை 1965-ல் மறுபடியும் திறந்தது. ஓக் பார்க்கில் இன்று மரங்கள் இருக்கின்றன, நடைபாதை இருக்கிறது, யாரும் போகலாம். குளத்தை மட்டும் அவர்கள் திரும்பக் கட்டவில்லை.